கலங்கிய நீரும் கலங்கிய மனமும்

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியில் உள்ள ஊர் இலஞ்சி. சுற்றிலும் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும், மேற்கே நிமிர்ந்து நிற்கும் மலைத்தொடரும், பழைமை வாய்ந்த குமாரர் கோயிலும் இவ்வூரின் அடையாளங்கள். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து சாரலைத் தூவும்போது இந்தப் பகுதி முழுவதும் குளிர்ந்துவிடும்.

அந்த நாள்களில் குற்றாலத்தின் பேரருவியை நீங்கள் பார்த்திருக்கலாம். மலையுச்சியிலிருந்து வரும் சிற்றாற்று நீர் நேரே தரையில் வந்து விழுவதில்லை. நடுவழியில் பாறையில் அமைந்த ஆழமான பள்ளம் ஒன்றில் முதலில் விழுகிறது. அப்பள்ளத்திற்குப் பொங்குமாங்கடல் என்று பெயர். அங்கே நீரின் வேகம் முறிகிறது. அதன் பிறகே அது பொங்கி வழிந்து, மக்கள் தலை கொடுத்துக் குளிக்கும் அருவியாகக் கீழே இறங்குகிறது. இடையில் அந்தப் பள்ளம் இல்லையென்றால், விழும் நீரின் அடியை யாராலும் தாங்க முடியாது.

அருவியாக விழுந்த நீர் ஆறாக ஓடுகிறது; அணைக்கட்டுகளில் திரும்பிக் கால்வாய்களில் நடக்கிறது; கடைசியில் குளங்களில் சென்று நிற்கிறது. நின்ற பிறகுதான் அது தெளிகிறது. பழந்தமிழில் ‘இலஞ்சி’ என்ற சொல்லுக்கே குளம் என்று ஒரு பொருள் உண்டு.

துயரத்தால் மனம் கலங்கியவரைப் பார்த்து, “கொஞ்சம் அமைதியாக இரு, எல்லாம் தெளியும்” என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இது வெறும் ஆறுதல் வார்த்தையா? அல்லது நம் உடலின் இயக்கத்தில் இதற்கு ஓர் அடிப்படை இருக்கிறதா? அமைதி எப்போது மருந்தாகிறது, எப்போது ஆவதில்லை? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நீர் எப்படித் தெளிகிறது?

முதலில் நீரையே எடுத்துக்கொள்வோம். மழைக்காலத்து ஆற்றுநீரை ஒரு குடத்தில் முகந்து வையுங்கள். குடத்தில் நீரின் உயரம் 30 சென்டிமீட்டர் என்று கொள்வோம். நீரில் மணலும் வண்டலும் களிமண்ணும் கலந்திருக்கின்றன. குடத்தை அசைக்காமல் வைத்தால் இவை ஒவ்வொன்றாகக் கீழே படியும்.

நீரில் ஒரு துகள் எவ்வளவு வேகமாகப் படியும் என்பதற்கான விதியை 1851-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்ற அறிஞர் வகுத்தார். துகளின் குறுக்களவு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், அது படியும் வேகம் நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பது அவ்விதியின் சாரம். இதன்படி கணக்கிட்டால், 0.1 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள நுண்மணல் நம் குடத்தின் அடியைச் சுமார் அரை நிமிடத்தில் அடைந்துவிடும். 0.01 மில்லிமீட்டர் வண்டலுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். 0.001 மில்லிமீட்டர் களிமண் துகளுக்கோ நான்கு நாள்கள் ஆகிவிடும்! இடையில் யாராவது குடத்தைக் கலக்கிவிட்டால் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

இதைவிட நுண்ணிய களிமண் துகள்கள் நாள்கணக்கில் காத்திருந்தாலும் எளிதில் படிவதில்லை. அவற்றின் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம் இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்கித் தள்ளியபடி நீரிலேயே மிதக்கின்றன. இந்த நீரைத் தெளியவைக்க நம் கிராமங்களில் ஒரு வழி இருந்தது. தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் தேய்த்துவிட்டு நீரை ஊற்றி வைப்பார்கள். தேற்றாமரம் எட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. ஆனால் எட்டியைப் போல் நச்சுள்ளதன்று. இதன் விதையிலுள்ள பசை போன்ற பொருள்கள் நுண்துகள்களைப் பிணைத்துத் திரளாக்குகின்றன. திரண்டு பெரிதான துகள், ஸ்டோக்ஸ் விதிப்படி விரைந்து படிகிறது.

‘தேறு’ என்னும் நம் சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். நீர் தெளிவதும் தேறுதல்தான். நோயாளி உடம்பு நலம் பெறுவதும் தேறுதல்தான். துயரப்படுபவர் ஆறுதல் அடைவதும் தேறுதல்தான். மாணவன் பரீட்சையில் வெற்றி பெற்றாலும் ‘தேறிவிட்டான்’ என்கிறோம். தேற்றாமரத்திற்கு ‘இல்லம்’ என்ற பழம்பெயரும் உண்டு. காதலனைப் பிரிந்து மனம் கலங்கிய ஒரு பெண், அவனைச் சேர்ந்ததும், இல்லத்து விதையால் தெளிந்த நீர் போல ஆனாள் என்று கலித்தொகையின் நெய்தற்கலிப் பாட்டு ஒன்று கூறுகிறது. இந்த உவமையில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. நீர் தெளிய அசைவின்மை வேண்டும். அது மட்டும் போதாதபோது வெளியிலிருந்து ஒரு துணையும் வேண்டும். மனத்தைப் பொறுத்தவரை அறிவியல் சொல்வதும் ஏறத்தாழ இதுவே.

கலக்கம் உடலில் செய்யும் வேலை

1890-களின் இறுதியில் அமெரிக்காவில் வால்ட்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர், அப்போது புதிதாகக் கண்டறியப்பட்டிருந்த எக்ஸ் கதிர்களைக் கொண்டு பூனைகளின் இரைப்பை அசைவைக் கவனித்து வந்தார். பூனை மிரண்டாலும் சினந்தாலும் இரைப்பை தன் வேலையை நிறுத்திவிடுவதையும், அது அமைதியடைந்ததும் மீண்டும் தொடங்குவதையும் கண்டார். அச்சத்துக்கும் செரிமானத்துக்கும் என்ன தொடர்பு? இக்கேள்வியைத் தொடர்ந்து சென்ற அவர், ஆபத்து வரும்போது உடல் முழுவதும் ‘எதிர்த்து நில் அல்லது தப்பி ஓடு’ என்னும் ஒரே கட்டளைக்கு ஆயத்தமாகிறது என்று காட்டினார்.

இந்தக் கட்டளையைக் கொண்டு செல்பவை பரிவு நரம்புகள். இவை தூண்டப்பட்டதும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் விரைகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, ஈரலிலிருந்து சர்க்கரை இரத்தத்தில் கலக்கிறது, குருதி இரைப்பையை விட்டுத் தசைகளுக்குப் பாய்கிறது. சற்று நேரத்தில் கார்ட்டிசால் என்ற மற்றொரு ஹார்மோனும் சுரந்து, இந்நிலையை நீடிக்கச் செய்கிறது. எதிரே கரடி நின்றால் இவை யாவும் உயிர் காக்கும் ஏற்பாடுகள்.

ஆனால், இறந்துபோன தாயின் நினைவும், பரீட்சையில் தோற்ற அவமானமும், வேலை போய்விட்ட கவலையும் கரடியைப் போல் வந்து போவன அல்ல. நாம் நினைக்கும் போதெல்லாம் அவை எதிரே வந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் உடல் ஓடுவதற்கு ஆயத்தமாகும்; ஆனால் ஓட இடம் இராது. துயரப்படுபவருக்குப் பசி இல்லாமற் போவதும், தூக்கம் வராததும், நெஞ்சு படபடப்பதும் அவருடைய மன உறுதியின்மையால் அல்ல என்பதை இதனால் உணரலாம். அவருடைய உடல் ஓயாமல் ஒரு போருக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது.

இந்நிலை நீடித்தால் என்னாகும்? கனடாவின் மாண்ட்ரியால் நகரில் ஹான்ஸ் செல்யே எலிகளில் செய்த ஆய்வை 1936-இல் வெளியிட்டார். நீண்ட நாள் துன்பத்துக்கு உள்ளான எலிகளின் அட்ரினல் சுரப்பிகள் வீங்கியிருந்தன. நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கியிருந்தது. இரைப்பையில் புண்கள் இருந்தன. இன்று நாம் சாதாரணமாக வழங்கும் ‘ஸ்ட்ரெஸ்’ என்னும் சொல்லை இப்பொருளில் பரப்பியவர் இவரே.

மனிதரிடமும் இதை நேராகக் காட்டிய ஆய்வு ஒன்று 1995-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், மறதி நோயுற்ற உறவினரை வீட்டில் வைத்துப் பராமரித்துவந்த 13 பெண்களையும், அத்தகைய சுமை இல்லாத 13 பெண்களையும் எடுத்துக்கொண்டனர். ஒவ்வொருவரின் கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு காயம் செய்து, அது ஆறுவதைக் கவனித்தனர். சுமையற்ற பெண்களுக்கு ஆறுவதற்குச் சராசரியாக ஏறத்தாழ 39 நாள்கள் ஆயின. நோயாளியைப் பராமரித்தவர்களுக்கோ ஏறத்தாழ 49 நாள்கள்! மனத்தின் சுமை தோலில் உள்ள புண்ணையும் பத்து நாள் காக்கவைத்தது. போர் நடக்கும் நாட்டில் வீடு கட்டும் வேலை தள்ளிப்போவதுபோல, ஆபத்துக்கு ஆயத்தமாக இருக்கும் உடலில் செப்பனிடும் வேலை பின்னுக்குத் தள்ளப்படுகிறது எனலாம்.

உடலிலேயே உள்ள கடிவாளம்

வண்டியை ஓட்டும் சவுக்கு மட்டும் நமக்குத் தரப்படவில்லை, கடிவாளமும் தரப்பட்டிருக்கிறது. பரிவு நரம்புகளுக்கு எதிராக வேலை செய்யும் எதிர்ப்பரிவு நரம்புகளே அந்தக் கடிவாளம். இவற்றுள் தலையாயது வேகஸ் நரம்பு. இது மூளையின் அடிப்பகுதியிலிருந்து புறப்பட்டு, கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் வரை கிளைவிட்டுச் செல்கிறது.

நரம்புத் தொடர்பு எதுவுமின்றித் தனித்து விடப்பட்டால் இளைஞர் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். ஆனால், நாம் ஓய்வாக இருக்கும்போது நாடி 70 அளவில்தான் இருக்கிறது. மீதியைப் பிடித்து நிறுத்தி வைத்திருப்பது வேகஸ் நரம்பே. ஆகவே, அமைதி என்பது ஒன்றும் நடவாத நிலையன்று. கடிவாளம் பிடிக்கப்பட்ட நிலை அது. உடல் முயன்று செய்யும் ஒரு வேலை.

அந்த வேலை எவ்வாறு நடக்கிறது என்பதை 1921-இல் ஆட்டோ லோவி என்னும் அறிஞர் அழகாக விளக்கினார். ஒரு தவளையின் இதயத்தில் வேகஸ் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பை மெதுவாக்கினார். பிறகு அந்த இதயத்தில் இருந்த திரவத்தை எடுத்து, நரம்பு நீக்கப்பட்ட மற்றொரு தவளை இதயத்தில் செலுத்தினார். அந்த இரண்டாவது இதயமும் மெதுவாயிற்று! நரம்பு முனையில் சுரந்த ஒரு வேதிப்பொருளே இதற்குக் காரணம். அது அசிட்டைல்கோலின் என்று பின்னர்த் தெரிந்தது. இக்கண்டுபிடிப்புத் துறைக்காக லோவியும் ஹென்றி டேலும் 1936-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

நீங்களே செய்து பாருங்கள்

இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. அமைதியாக உட்கார்ந்து, மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக மற்றக் கையின் இரண்டு விரல்களை வைத்து நாடியைத் தொட்டுப் பாருங்கள். இப்போது ஐந்து எண்ணும் வரை மெல்ல மூச்சை உள்ளே இழுங்கள். பிறகு ஐந்து எண்ணும் வரை மெல்ல வெளியே விடுங்கள். சில சுற்றுகள் கழிந்ததும் கூர்ந்து கவனியுங்கள். மூச்சை இழுக்கும்போது நாடி சற்று விரைவதையும், விடும்போது மெதுவாவதையும் உங்களில் பலர் உணர முடியும். இளைஞர்களிடம் இது நன்றாகவே தெரியும். இது நோயன்று, உடல்நலத்தின் அடையாளம். மூச்சை வெளியே விடும்போதெல்லாம் வேகஸ் நரம்பு கடிவாளத்தைச் சற்று இறுக்குகிறது என்பதே இதன் பொருள்.

இதயத் துடிப்பை நம் விருப்பப்படி நேரடியாகக் குறைக்க நம்மில் பெரும்பாலோரால் இயலாது. ஆனால், மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தானாகவும் நடக்கும், நாம் நினைத்தபடியும் நடக்கும் செயல் அது. இதயத்தின் அறைக்குள் நுழைய நமக்குத் திறந்திருக்கும் பக்கவாயில் என்று மூச்சைச் சொல்லலாம்.

நாம் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். நீங்கள் மேலே செய்தது நிமிடத்துக்கு ஆறு மூச்சு. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் 23 பேரிடம் செய்த ஆய்வை 2001-இல் வெளியிட்டனர். இலத்தீன் மொழியில் செபமாலை சொன்னபோதும், பௌத்த மந்திரத்தை உருவேற்றியபோதும், இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்ததையும், இரத்த அழுத்தத்தைச் சீராக வைக்கும் அனிச்சைச் செயல் வலுப்பெற்றதையும் அவர்கள் கண்டனர். சமயம் வேறு, மொழி வேறு. ஆனால் மூச்சின் கணக்கு ஒன்றே. நம் தாலாட்டையும் ஒப்பாரியையும் கவனித்துக் கேளுங்கள். ஒரே மூச்சில் நீண்டு செல்லும் வரிகளும் இடையே வரும் ஆழ்ந்த மூச்சும் அவற்றிலும் இருக்கும்.

இந்திய ஆய்வுகளும் இதில் முன்னோடிகள் எனலாம். புதுடெல்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் பி. கே. ஆனந்த், ஜி. எஸ். சின்னா, பல்தேவ் சிங் ஆகியோர் யோகிகளின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து 1961-இல் வெளியிட்டனர். தியானத்தில் ஆழ்ந்திருந்தபோது, விழிப்புடன் கூடிய ஓய்வைக் குறிக்கும் ஆல்ஃபா அலைகள் அவர்களிடம் மேலோங்கியிருந்தன. ஒளி, ஒலி முதலிய இடையூறுகளும் அவற்றைக் கலைக்கவில்லை.

பச்சை தெரியும் சாளரம்

அமைதிக்குச் சூழலும் துணை செய்யும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்பவர் ஆராய்ந்தார். அங்குச் சில அறைகளின் சாளரம் வழியே மரங்கள் தெரிந்தன. மற்ற அறைகளுக்கு எதிரே செங்கற்சுவர்தான் இருந்தது. வயது முதலியவற்றில் ஒத்த 23 இணைகளை ஒப்பிட்டபோது, மரங்களைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாள்களிலும், சுவரைப் பார்த்தவர்கள் 8.70 நாள்களிலும் வீடு திரும்பியிருந்தனர். வலுவான வலிநீக்கி மருந்துகளும் முதல் பிரிவினருக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 1984-இல் வெளிவந்த இவ்வாய்வு சிறியதுதான். எனினும் மருத்துவமனைகளைக் கட்டுவோர் சிந்தனையை மாற்றியது. சாரல் காலத்தில் குற்றாலத்துக்கும் இலஞ்சிக்கும் வந்து சில நாள் தங்கிச் செல்பவர்கள், உடம்பும் மனமும் லேசானதாகச் சொல்வது வியப்பன்று. அருவிநீரில் அற்புத சக்தி இருப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை. அன்றாட ஓட்டத்திலிருந்து விடுபட்டு, பச்சையையும் நீரையும் பார்த்தபடி மெதுவாக நடப்பதே பெரும்பாலான வேலையைச் செய்துவிடுகிறது.

துட்டி வீட்டின் பதினாறு நாள்கள்

துயரத்திற்கு நேரம் தேவை என்பதை நம் முன்னோர் சடங்காகவே வைத்தனர். நெல்லைப் பக்கத்தில் சாவு நிகழ்ந்த வீட்டைத் துட்டி வீடு என்பார்கள். அங்கே அடுப்பு எரியாது. உறவினர்களும் பக்கத்து வீட்டாரும் உணவு கொண்டுவருவார்கள். துட்டி கேட்க வருகிறவர்கள் பலர் ஒன்றும் பேசாமல் சற்று நேரம் உடன் உட்கார்ந்துவிட்டே போவார்கள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அந்த வீட்டாரை யாரும் பழைய வேகத்துக்கு இழுப்பதில்லை. இதில் வீண் செலவும், கைம்பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளும் இருந்தன. அவற்றைக் கைவிட்டது நல்லதே. ஆனால், வேலைகளை நிறுத்திவைத்தல், உணவுக் கவலையை நீக்குதல், பேசாமல் உடனிருத்தல் ஆகிய மூன்றும் உடலியல் நோக்கில் மிகச் சரியானவை. மூன்றாம் நாளே அலுவலகத்துக்கும் வகுப்பறைக்கும் திரும்பி, எல்லாம் சரியாகிவிட்டது போல் நடந்துகொள்ளும் இன்றைய வழக்கம், படிந்துகொண்டிருக்கும் குடத்தைத் தூக்கி ஆட்டுவதற்கு ஒப்பாகும்.

ஒரு கோயிலும் ஒரு தீ விபத்தும்

கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கும் இது பொருந்துமா? தமிழ்நாட்டின் சிற்றூர் ஒன்றில் முத்துசாமி கோயில் என்று ஓர் இடம் உண்டு. மனநோயுற்றவர்கள் உறவினருடன் வந்து அங்கே தங்குவது வழக்கம். அங்குப் பேயோட்டுதல் போன்ற சடங்குகள் இல்லை. காலையில் எளிய பூசை, பிறகு கோயிலைப் பெருக்குதல், செடிகளுக்கு நீர் ஊற்றுதல் போன்ற சிறு வேலைகள், அவ்வளவே. பெங்களூரின் தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனமான நிம்ஹான்சைச் சேர்ந்த ஆர். ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் அங்குத் தங்கிய 31 பேரை, வந்த அன்றும் புறப்படும் போதும் அளவுகோல் கொண்டு சோதித்தனர். அவர்கள் சராசரியாக ஆறு வாரம் தங்கியிருந்தனர். நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. ஆதரவான, அச்சுறுத்தாத சூழலே இதற்குக் காரணமாகலாம் என்று 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர்.

இவ்வாய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை. ஆகவே, கோயிலில் தங்கினால் மனநோய் தீரும் என்றோ, மருந்தை நிறுத்திவிடலாம் என்றோ யாரும் முடிவு கட்டக் கூடாது. உறவினர் துணையும், அவசரமற்ற அன்றாட ஒழுங்கும், சிறு வேலையும் நோயாளிக்கு நன்மை செய்கின்றன என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் தமிழ்நாட்டில் நடந்தது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் விடுதி ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியற்காலையில் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். நாட்டையே உலுக்கிய இக்கொடுமைக்குப் பிறகு அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்துள்ளது. அசையாமல் கட்டி வைப்பது அமைதி ஆகாது. வெளியே அசைவற்றுக் கிடக்கும் அந்த உடலுக்குள் பரிவு நரம்புகள் அலறிக்கொண்டிருக்கும். அச்சம் நீங்கிய இடத்தில்தான் கடிவாளம் வேலை செய்யும்.

சும்மா இருப்பதும் அசைபோடுவதும்

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தனியே உட்கார்ந்திருப்பது எல்லாமே அமைதி அன்று. நடந்ததையே திரும்பத் திரும்ப எண்ணி, “எனக்கு ஏன் இப்படி ஆயிற்று?” என்று மாடு அசைபோடுவது போல் மெல்லுவது வேறு. 1989 அக்டோபர் 17 அன்று கலிபோர்னியாவில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதற்குச் சில நாள்கள் முன்புதான் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களின் மனப்போக்கைச் சூசன் நோலன்-ஹோக்செமா என்ற உளவியலாளர் பதிவு செய்திருந்தார். நிலநடுக்கத்துக்கு 10 நாள் கழித்தும் 7 வாரம் கழித்தும் அவர்களை மீண்டும் சோதித்தபோது, துன்பத்தை அசைபோடும் பழக்கம் முன்பே உடையவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. குடத்தை வைத்துவிட்டு உள்ளே கையை விட்டுக் கலக்கிக்கொண்டே இருப்பது போன்றது இது.

அசைபோடுதலை நிறுத்த, “நினைக்காதே” என்று மனத்துக்குக் கட்டளையிடுவது உதவாது. எழுதிப் பார்ப்பது பலருக்கு உதவுகிறது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை மிகவும் புண்படுத்திய நிகழ்ச்சியைப் பற்றி எழுதினர். எழுதியவுடன் வருத்தம் கூடத்தான் செய்தது. ஆனால், நடந்ததையும் அதுபற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதங்களில் கல்லூரி மருத்துவ நிலையத்துக்குச் செல்வது குறைந்திருந்தது. சுற்றிச் சுற்றி வந்த எண்ணத்துக்கு எழுத்து ஒரு தொடக்கமும் முடிவும் தருகிறது.

என்ன செய்யலாம்?

மனம் கலங்கியிருக்கும் நாள்களில் பின்வருவனவற்றைச் செய்து பார்க்கலாம்.

நாளுக்கு இருமுறை, பத்து நிமிடம், நிமிடத்துக்கு ஆறு என்ற கணக்கில் மூச்சு விடுங்கள். எண்ணம் வேறு பக்கம் ஓடினால் கோபப்படாமல் மீண்டும் மூச்சுக்குத் திரும்புங்கள். தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

காலையிலோ மாலையிலோ ஆற்றங்கரை, குளக்கரை, வயல் வரப்பு, தெருவோர மரநிழல் எதுவாயினும் சரி, கைப்பேசியின்றி மெதுவாக நடந்து வாருங்கள்.

ஒரு சிறு வேலையை, செடிக்கு நீர் ஊற்றுவதையோ கீரை ஆய்வதையோ, அவசரமின்றிச் செய்யுங்கள். சும்மா உட்கார முடியாதவர்களுக்கு இதுவே நல்ல வழி. கண்ணை மூடினால் பயங்கரக் காட்சிகள் எதிரே வருகின்றவர்கள் கண்ணை மூடி உட்கார வேண்டாம். நடப்பதும் வேலை செய்வதுமே அவர்களுக்கு ஏற்றவை.

உறங்கும் நேரத்தையும் உண்ணும் நேரத்தையும் மாற்றாதீர்கள்.

பெரிய முடிவுகளைத் தள்ளிவையுங்கள். அருவியில் வெள்ளம் பெருகும்போது குளிக்கத் தடை விதிக்கிறார்கள். வெள்ளம் வடிந்ததும் தடை நீங்குகிறது. கலங்கிய மனத்தோடு படிப்பை விடுவது, ஊரைவிட்டுப் போவது போன்ற முடிவுகளை எடுப்பதும் வெள்ளத்தில் இறங்குவது போன்றதே.

இவ்வளவும் செய்தும் இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லாமல், எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால், அது வெறும் வருத்தம் அன்று. மருத்துவம் தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை தலைகாட்டினாலும் காத்திருக்கக் கூடாது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பரீட்சை முடிவுகள் வெளியாகும் வாரத்தில் மாணவர்கள் மட்டுமன்றிப் பெற்றோரும் இந்த எண்ணை அறிந்திருப்பது நல்லது. பரீட்சையில் தேறாதவர் மனத்தில் தேற வேண்டும். அதற்கு முதல் தேவை அன்று அவர் உயிரோடும் துணையோடும் இருப்பதே.

காத்திருந்தால் மணலும் வண்டலும் தாமாகவே படிந்துவிடும். அன்றாடச் சினமும் சிறு ஏமாற்றமும் அத்தகையவை. ஆனால் மிக நுண்ணிய துகள்கள் மட்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதந்துகொண்டே இருக்கும். ஆழ்ந்த துயரமும் அப்படிப்பட்டதே. அதைத் திரட்டிப் படியவைக்க இன்னொரு மனிதர் வேண்டும்: கேட்கக் காது கொடுக்கும் நண்பர், பேசாமல் அருகில் உட்காரும் அத்தை, அக்கறையுள்ள ஆசிரியர், தேர்ந்த மருத்துவர். உங்களுக்குத் தெரிந்தவர் யாரேனும் கலங்கிப்போயிருந்தால், அறிவுரை கூற விரைய வேண்டாம். அவர் வீட்டுக்குச் சென்று சற்று நேரம் உடன் உட்காருங்கள். தேற்றாங்கொட்டையின் வேலையைச் செய்ய அது போதும்.